ஒரு மயிரிழை கீழே

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. இங்கே சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் இட்லியும் கிடைக்கிறது, வாழையிலையும் கிடைக்கிறது. வாடகை விஷயத்தைப் போனில் பேசிக்கொள்ளலாம். இன்று வகுப்பில் நடந்ததை மட்டும் உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும்.

டிசைன் படிப்பின் முதல் பருவத்தில் எங்களைக் கம்ப்யூட்டர் பக்கமே விடுவதில்லை. எல்லாம் கைவேலைதான். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றை மட்டும் வைத்து 12 நிறச் சக்கரம் தீட்டச் சொன்னார்கள். எனக்கு ஊதா மட்டும் சேறாகவே வந்தது. என் சிவப்பில் ஆரஞ்சுச் சாயல் இருந்ததுதான் காரணம். அப்புறம் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போய், ரோஸ் பக்கம் சாய்ந்த சிவப்பு ஒரு டியூப் வாங்கிவந்து கலந்தேன். கத்திரிப்பூ நிறம் வந்து நின்றது!

இந்த வாரம் எழுத்து. 1957இல் சுவிட்சர்லாந்தில் உருவான ஹெல்வெட்டிகா என்ற எழுத்துருவைப் பெரிதாக்கிக் காட்டினார் ஆசிரியை. ஆங்கில ‘ஓ’ பக்கத்திலிருக்கும் ‘ஹெச்’சைவிட மேலேயும் கீழேயும் துளி நீட்டிக்கொண்டிருந்தது. வளைவு கோட்டை ஒரு புள்ளியில்தான் தொடும். அளவெடுத்துச் சமமாக வைத்தால் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். இதற்கு ஓவர்ஷூட் என்று பெயராம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது அப்பா. நீங்கள் பெயர்ப்பலகை எழுதும்போது, சாக்பீஸ் தடவிய கயிற்றை இழுத்து அடித்துக் கோடு போட்டுவிட்டு, வளைந்த எழுத்தை மட்டும் ஒரு மயிரிழை கீழே இறக்கி எழுதுவீர்களே! “ஸ்கேல் சொல்றத கேக்காத, கண்ணு சொல்றத கேளு” என்பீர்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளெல்லாம் பாடம்தான் கேட்டிருக்கிறேன். ஆசிரியையிடம் சொன்னேன். அடுத்த வாரம் தமிழ் எழுத்திலேயே செய்துவரச் சொல்லிவிட்டார்.

இங்கே ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் நான்கும் ஆட்சிமொழிகள். ரூபாய் நோட்டு மாதிரி இந்த ஊர் நோட்டிலும் தமிழ் உண்டு. கட்டட வேலை நடக்கும் இடத்துப் பலகையில் ‘அபாயம்’ என்று இருக்கும். ஆனால் நான்கு மொழிக்கும் ஒரே அகலம் ஒதுக்கினால், நீளமான தமிழ்ச் சொல்லைத்தான் நெருக்கிப் போட வேண்டியிருக்கிறது. சுழி அடைபட்டுப்போகிறது, தூரத்திலிருந்து படிக்க முடியவில்லை. இதைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிளெக்ஸ் வந்தபிறகு பரணில் ஏற்றிவைத்தீர்களே, அந்தப் பிரஷ் டப்பாவை இறக்குங்கள். மண்ணெண்ணெயில் அலசி, முடி கெட்டிப்படாதவற்றில் இரண்டை மாமா வரும்போது கொடுத்துவிடுங்கள். அதோடு ‘ழ’வும் ‘ஞ’வும் உங்கள் கையால் பெரிதாக எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமைக்குள் போட்டோவாவது வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்