எலுமிச்சம்பழம் அளவு முடி

ஆயர் ஈத்தாம், பினாங்கு
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் சமையலைப் பற்றி நாலு வரி, பிரிக்பீல்ட்ஸ் நெரிசலைப் பற்றி மூன்று வரி, மிச்சமெல்லாம் முடி. குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்தில் எடுத்ததைச் சுருட்டினால் எலுமிச்சம்பழம் அளவு வருகிறது என்கிறாய். எனக்கு நெல்லிக்காய் அளவு வந்ததற்கே உட்கார்ந்து அழுதவள் நான். சிரிக்க மாட்டேன்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் எனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்ததே, அப்போது ஒரு முடிகூட உதிரவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் சமயத்தில்தான் கொத்துக் கொத்தாக வந்தது. ஊரெல்லாம் நேர்ந்துகொண்டு மொட்டை போடுகிறது, முருகன் என்னிடம் மட்டும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறான் என்று புலம்பினேன். (மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று உன் அத்தை சொன்னதை நம்பாதே. வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது, கத்தி அங்கே போவதில்லை.)

கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டதே, "மூன்று மாசத்துக்கு முன்னால் உடம்புக்கு என்ன வந்தது?" என்றுதான். ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 வருஷம் வளர்ந்து, சுமார் 3 மாசம் ஓய்ந்து, பிறகு உதிருமாம். கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட் என்று உடம்பு அடிபட்டால் ஏகப்பட்ட முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். உதிர்வது அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். உனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஜூனில். இது செப்டம்பர். நீயே கணக்குப் போடு. சாதாரணமாகவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லாருக்கும் கொட்டும். இந்த மாதிரிக் கொட்டல் பெரும்பாலும் ஆறு மாசத்தில் தானாக அடங்கிவிடும்.

அந்த முடி சிகிச்சை நிலையத்தில் பேக்கேஜ் கட்டலாமா என்று கேட்டாய். நானும் இங்கே ஒரு இடத்துக்குப் போய் 600 வெள்ளி முன்பணம் கட்டினேன். குட்டிக் கேமராவை உச்சியில் வைத்துத் திரையில் காட்டினார்கள். என் மண்டை காய்ந்த வயல் மாதிரி தெரிந்தது. எவள் மண்டையை அவ்வளவு பெரிதாக்கிக் காட்டினாலும் அப்படித்தான் தெரியும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பணம் போனது போனதுதான்.

அதற்குப் பதில் இரத்தம் பார். இரும்புச் சேமிப்பும் தைராய்டும். எனக்கு இரும்பு குறைவு. காரணம் ஒன்று சோற்றுக்குப் பிறகு உடனே குடிக்கும் தே தாரிக், அதுதான் நம் இழுத்து ஆற்றிய பால் டீ. தேயிலை, சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. இப்போது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கிறேன், அந்த ஒரு மணி நேரம் என் முகத்தைப் பார்க்க முடியாது. முருங்கைக்கீரை வதக்கினால் மேலே எலுமிச்சை பிழிகிறேன், கீரையின் இரும்பு சேர அது உதவும். டாக்டர் கொடுத்த மாத்திரையும் உண்டு, கீரை மட்டும் போதவில்லை. ஆமாம், நீ சாப்பிடும் பயோட்டின் வைட்டமின் மாத்திரையைப் பரிசோதனைக்கு முன்னால் டாக்டரிடம் சொல். தைராய்டு கணக்கையே அது மாற்றிக் காட்டும்.

எண்ணெய்? அதை விடுவேனா! அம்மா செய்த மாதிரியே கரிசலாங்கண்ணியை அரைத்து, வடைபோல் தட்டி, நிழலில் காயவைத்து, கறிவேப்பிலையோடும் வேலியோரத்துச் செம்பருத்தியோடும் தேங்காய் எண்ணெயில் காய்ச்சுகிறேன். சலசலப்பு அடங்கி எண்ணெய் கரும்பச்சையாக மாறும்போது வீடே பழைய எஸ்டேட் வீடு மாதிரி மணக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: தேங்காய் எண்ணெய் முடி ஒடிவதைக் குறைக்கும், வேரோடு வருவதை நிறுத்தாது. இராத்திரி முழுக்க வைத்து ஊறவும் விடாதே. இந்தப் புழுக்கத்தில் எனக்குப் பொடுகுதான் மிச்சம். ஒரு மணி நேரம் வைத்து அலசிவிடு. வெங்காயச் சாறும் தேய்த்துப் பார்த்தேன். அன்று வீட்டுக்காரர் கூடத்தில் படுத்தார். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

முக்கியமாக, ஈர முடியைத் துண்டால் முறுக்கிக் கொண்டை போடுவாயே, அதை விட்டுவிடு. ஈரத்தில் முடி வலுவில்லாமல் இருக்கும். இறுக்கிக் கட்டிக் கட்டித்தான் என் நெற்றியோரம் பின்வாங்கியது. இப்போது தளர்வாக ஒரு பின்னல், பல் அகன்ற சீப்பு, அவ்வளவுதான்.

உன் மகனுக்கு முன்நெற்றி ஏறுகிறது என்றாயே, அது வேறு கதை, அவன் அப்பா வழி. அதற்கு என் எண்ணெயை அனுப்பிப் பயனில்லை. சீக்கிரமே தோல் டாக்டரிடம் போகச் சொல்.

நேற்றுக் கண்ணாடியில் பார்த்தேன். வகிட்டோரம் குட்டை குட்டையாகப் பூனைமுடி நிமிர்ந்து நிற்கிறது, தண்ணீர் வைத்துப் படியவைத்தாலும் படியவில்லை. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தானே வளரும், தோளைத் தொட இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு வா, காட்டுகிறேன். அரைப் போத்தல் எண்ணெய் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், பேருந்தில் கவிழ்த்துவிடாமல் கொண்டு போ.

உன்,
இரட்டைச் சடைக்காரி