ஸ்டீன்ஸ் மலைக்கு மேற்கிலிருந்து போ

கண்ணா,

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஸ்டீன்ஸ் மலையடியில் இருக்கும் ஆல்வர்ட் பாலைவனத்திலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மலை செங்குத்தா நிக்குது, கீழே ஒரே வறண்ட தரை, இங்கே எப்படிப்பா மாடு வளர்த்தாங்க என்று கேட்டிருந்தாய். நீ பார்த்தது கிழக்குப் பக்கம் மட்டும்.

ஸ்டீன்ஸ் மலை சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறைப் பாளம். நிலம் பிளந்தபோது அதன் கிழக்கு விளிம்பு மட்டும் மேலே எழும்பிவிட்டது, பெட்டியின் மூடியைப் பாதி திறந்து வைத்தது போல. உச்சி 9,700 அடிக்கு மேல். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் ஐயாயிரம் அடிக்கும் கீழே நீ நின்ற பாலைவனம். மேற்கே மைல் கணக்கில் மெல்ல மெல்லச் சரிந்து இறங்கும். மேலே சேரும் பனி உருகிப் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. பிளிட்சன் ஆறாகி மால்ஹூர் ஏரியில் போய் முடிகிறது, கடலுக்குப் போவதே இல்லை.

தண்ணீர் போன பக்கம்தான் புல்லும், புல் இருந்த பக்கம்தான் மாடும். 1872-இல் பீட் ஃபிரெஞ்ச் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் கலிபோர்னியாவிலிருந்து மந்தையை ஓட்டி வந்து தங்கியது அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில். கோடையில் மாடு மலையேறும், குளிருக்குக் கீழே இறங்கி வைக்கோல் தின்னும். அந்த ஈர நிலத்துக்காக எத்தனையோ தகராறு. 1897-இல் நிலத் தகராறு இருந்த ஒரு குடியேறி அவரைச் சுட்டே கொன்றுவிட்டார்.

2000-இல் வந்த சட்டம் எனக்குப் பிடித்தது. மலையில் சுமார் 1,70,000 ஏக்கரை இயற்கையாகவே விட்டுவைக்கும் காட்டுநிலமாக அறிவித்து, அதில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஏக்கரில் மேய்ச்சலே கூடாது என்றார்கள். ஆனால் பண்ணைக்காரர்களை வெறுங்கையோடு துரத்தவில்லை, வேறு இடத்தில் மாற்று நிலம் கொடுத்தார்கள். காட்டையும் காப்பாற்றி, மாடு வைத்துப் பிழைப்பவர்களையும் விடாமல் செய்தது பெரிய விஷயம்.

அடுத்த முறை மேற்குப் பக்கம் இருக்கும் ஃபிரெஞ்ச்க்ளென் என்ற சின்ன ஊர் வழியாக ஏறு. மேலே கைகர் என்ற பள்ளத்தாக்கின் விளிம்பில் கொஞ்ச நேரம் நில். ஆறு மட்டும் அறுத்திருந்தால் அதன் அடிப்பகுதி குறுகலாக இருந்திருக்கும். பனியாறு தேய்த்ததால் அகலமாக, வளைவாக இருக்கும். உற்றுப் பார்த்தால் தெரியும்.

சரி, மேலே போகும் ரோட்டின் கேட் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள், ஜூன் மாதத்தில்கூடப் பனி மூடியிருக்கும். முழுக்கச் சரளைக்கல் ரோடு, ஸ்டெப்னியில் காற்று பார். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள். சிக்னல் கிடைத்ததும் அம்மாவுக்கு ஒரு போன் போடு.

அப்பா