எண்ணிக்கை குறைந்த மாத்திரை: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். பேத்தி நலமாக வீடு திரும்பிய பிறகும் நீங்கள் தொலைபேசியில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல இயலவில்லை. உங்கள் மாத்திரைப் பெட்டியைத் திறந்த அவள் மாத்திரையை விழுங்கினாளா என்பதே கடைசி வரை தெரியாத நிலையில், ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தையை இரவு முழுவதும் மருத்துவமனையில் வைத்து இரத்தச் சர்க்கரை பார்க்க மணிக்கொரு முறை விரலில் குத்தியது தேவைதானா என்பது ஒன்று. இனி அவளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள உங்களை நம்பலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்பவளாகவும், இரண்டாவதற்கு உங்கள் தம்பி மகளாகவும் பதில் எழுதுகிறேன். பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று நீங்கள் சம்மதித்ததால் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

பெட்டியின் அன்றைய காலைப் பிரிவில் நான்கு மாத்திரைகள் இருந்தன என்றீர்கள். இரண்டு பாயில் கிடந்தன. ஒன்று நிறம் கரைந்து பிசுபிசுப்பாக அவள் கைக்குள் இருந்தது. நான்காவதான சர்க்கரை மாத்திரை கிடைக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் உருண்டிருக்கலாம் என்று இப்போதும் நீங்கள் நினைக்கிறீர்கள். உருண்டும் இருக்கலாம். ஆனால் காணாமல்போன மாத்திரை வயிற்றில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் மருத்துவர்கள் வேலையைத் தொடங்குவார்கள். இரண்டு குழந்தைகள் சேர்ந்து விளையாடிய இடத்தில் மூன்று மாத்திரைகள் குறைந்தால், ஒவ்வொரு குழந்தையும் மூன்றையும் விழுங்கியதாகவே கணக்குப் போடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் கேட்டு உண்மையைத் தெரிந்துகொள்ள முடியாது. நாம் அதட்டலாகக் கேட்டால் இல்லை என்று தலையாட்டும், கொஞ்சலாகக் கேட்டால் ஆமாம் என்று தலையாட்டும். எனவே சந்தேகம் தீரட்டும் என்று காத்திருப்பதைவிட, சந்தேகத்தையே நடந்ததாக எடுத்துக்கொண்டு செயல்படுவதுதான் சரி. நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள்.

அந்த நான்காவது மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் சாப்பிடும் கிளிமெபிரைடு, அதன் உறவான கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தை இன்சுலின் சுரக்கும்படி விரட்டும் மாத்திரைகள். இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. உங்களுக்கு அளவாக இருக்கும் ஒரே ஒரு மாத்திரை, பத்துக் கிலோ எடையுள்ள, சர்க்கரை நோயே இல்லாத ஓர் உடலில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்கிவிடக்கூடும். அந்த இறக்கம் உடனே நேர வேண்டும் என்பதுமில்லை. பல மணி நேரம் கழித்தும் வரலாம், குறிப்பாக இரவில் வயிறு காலியாகித் தூங்கும்போது வரலாம். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்கும் குழந்தையும் அயர்ந்து தூங்கும் குழந்தையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பார்கள் என்பதால்தான் அந்தச் சின்ன விரலில் திரும்பத் திரும்பக் குத்தினார்கள். இறங்கியிருந்தால் நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றியிருப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் இன்சுலின் சுரப்பைக் கட்டுப்படுத்தும் ஆக்ட்ரியோடைடு என்ற மருந்தும் இருக்கிறது. இறங்கவில்லை என்பதற்காக அந்த இரவு வீண் என்று நான் நினைக்க மாட்டேன்.

ஒன்றிரண்டு மாத்திரைகளிலேயே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மருந்துகளில் பெரும்பாலானவை பெரியவர்களின் அலமாரியில் இருப்பவைதாம். அம்லோடிபின், வெராபமில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள், அழுத்தத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான குளோனிடின், நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், டிரமடால் உள்ளிட்ட ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநிவாரணிகள், மூட்டு நோய்க்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவை அவற்றுள் சில. மாத்திரையாக இல்லாததால் நாம் மருந்தென்றே கருதாதவையும் உண்டு. மூக்கடைப்புக்கும் கண் சிவப்புக்கும் விடும் சில சொட்டு மருந்துகளை ஒன்றிரண்டு மில்லிலிட்டர் குடித்தாலே குழந்தை மயங்கி, மூச்சும் நாடித்துடிப்பும் குறையக்கூடும். வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெய் தூய நிலையில் ஒரு தேக்கரண்டி அளவு உள்ளே போனால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகளை இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம். மறுபக்கத்தில், கருத்தடை மாத்திரை ஒன்றிரண்டை விழுங்கிய குழந்தைக்கு அநேகமாக ஒன்றும் நேராது. பல ஆன்டிபயாடிக் மருந்துகளில் வயிற்றுப்போக்கோடு போய்விடும். இந்தப் பட்டியலை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். எது எந்தப் பக்கம் என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது என்பதைக் காட்டத்தான் எழுதினேன்.

குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்ற ஆறுதல்தான் இந்த விஷயத்தில் மிகவும் ஏமாற்றக்கூடியது. பாராசிட்டமால் அளவுக்கு மிஞ்சிப் போனால் முதல் நாள் முழுவதும் குழந்தை வழக்கம்போலவே விளையாடலாம். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிவதற்குள் இரண்டு மூன்று நாட்கள் ஆகிவிடும். ஆனால் அதன் நச்சுமுறி மருந்தான அசிட்டைல்சிஸ்டைன், முதல் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மிகச் சிறப்பாக வேலை செய்யும். விழுங்கி நான்கு மணி நேரம் ஆன பிறகே பாராசிட்டமால் அளவை அறியும் இரத்தப் பரிசோதனைக்குப் பொருள் உண்டு என்பதால், மருத்துவமனையில் உட்கார வைத்திருப்பதை அலட்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரை இன்னும் வஞ்சகமானது: முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு தேறிவிட்டதுபோல ஒரு அமைதி, அதன் பின் சில குழந்தைகளுக்கு நிலைமை திடீரென மோசமாகும். நடுவில் வரும் அந்த அமைதியை நம்பி வீட்டுக்கு அழைத்துப் போனவர்கள் உண்டு.

பாட்டிலைக் கையோடு எடுத்துவரச் சொல்வதன் காரணத்தையும் கேட்டிருந்தீர்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்றும், 250 மில்லிகிராம் என்றும் வெவ்வேறு செறிவுகளில் வருகிறது. ஒரே அளவான 60 மில்லிலிட்டர் பாட்டில்தான். ஆனால் முதலாவதில் மொத்தம் 1,440 மில்லிகிராம், இரண்டாவதில் 3,000 மில்லிகிராம். ஆறு வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான குழந்தை ஒரே நேரத்தில் விழுங்கியது கிலோவுக்கு 200 மில்லிகிராமை எட்டினால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது பல வழிகாட்டுதல்களில் உள்ள எல்லை. இதைவிடக் குறைவாக எல்லை வைத்த நாடுகளும் உண்டு. பத்துக் கிலோ குழந்தைக்கு அது 2,000 மில்லிகிராம். அதாவது, ஒரு பாட்டில் முழுவதும் காலியானாலும் அந்த எல்லைக்குள் நிற்கும்; மற்றொன்றில் முக்கால் பாட்டிலே எல்லையைத் தாண்டிவிடும். ‘காய்ச்சல் சிரப்பைக் குடித்துவிட்டாள்’ என்று மட்டும் சொன்னால், எங்களால் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. இந்தக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்து நிம்மதி அடைவதற்காக நான் தரவில்லை. எடை, செறிவு, எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஏன் உடனே கேட்கப்படுகின்றன என்று புரிவதற்காகத் தருகிறேன்.

முதல் சில நிமிடங்களில் நீங்கள் செய்தவற்றில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மிச்சத்தைக் கையிலிருந்து வாங்கினீர்கள். வாயைத் திறந்து பார்த்து, கண்ணுக்குத் தெரிந்த துணுக்கை மட்டும் எடுத்தீர்கள். தெரியாததைத் தேடித் தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வீட்டு அம்மாள் கொண்டுவந்த உப்புத் தண்ணீரை மறுத்தீர்கள். உப்புக் கரைசல் வாந்தியை வரவழைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆனால் இரத்தத்தில் சோடியத்தை உயர்த்தி அதுவே உயிரைப் பறித்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. குழந்தை மயங்கத் தொடங்கும் நேரத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும். வாந்தி வரவழைப்பதற்காகவே ஒரு காலத்தில் வீடுகளில் வைத்திருந்த இபிகாக் சிரப்பை இனி வீட்டில் வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2003-ல் அறிவித்துவிட்டது. பால் கொடுத்தால் முறிந்துவிடும் என்பதும் மருந்துகளைப் பொறுத்தவரை நம்பத்தக்கதல்ல. கேட்டறியும் வரை எதையும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. வயிற்றில் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் கரித்தூள் கொடுப்பார்களே என்றீர்கள். அது மருத்துவமனையில், பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள், தேவை பார்த்துக் கொடுக்கப்படுவது. இரும்புச் சத்தை அது பிடித்துக்கொள்ளவே செய்யாது.

குழந்தை எழுப்பினால் எழாமல் இருந்தாலும், வலிப்பு வந்தாலும், மூச்சு விடத் திணறினாலும், யோசனை கேட்க நேரமில்லை. அவசர ஊர்தியைத்தான் முதலில் அழைக்க வேண்டும். மயங்கியிருந்து மூச்சு சீராக இருந்தால், ஊர்தி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து அருகிலேயே இருக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால், அழைப்பில் இருப்பவர் சொல்லச் சொல்ல உயிர்காக்கும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். விழித்துக்கொண்டு நன்றாக இருந்தால் உங்கள் நாட்டு நச்சுத் தகவல் மையத்தை அழைப்பது. அப்படி ஒன்று எட்டாவிட்டால் நேரே மருத்துவமனை. அமெரிக்காவில் இந்த மையங்களில் முதலாவது 1953-ல் சிகாகோவில் தொடங்கப்பட்டது. எந்தப் புட்டியில் என்ன கலந்திருக்கிறது என்பது மருத்துவர்களுக்கே உடனடியாகத் தெரியாமல் இருந்த காலம் அது. அழைத்தவுடன் மருந்தின் பெயர், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், அதிகபட்சமாக எத்தனை போயிருக்கலாம், குழந்தையின் எடை, மருந்தைக் கடைசியாக முழுதாகப் பார்த்த நேரம், கண்டுபிடித்த நேரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். மாத்திரை அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். போன்ற எழுத்துகள் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அவை மெல்ல மெல்லக் கரைபவை என்பதால் குழந்தையைக் கண்காணிக்கும் நேரமே மாறிவிடும். உங்கள் சட்டைப்பையில் மருந்துச் சீட்டு மடித்து இருந்ததால் அன்று அந்த மருத்துவர் எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. உங்கள் மருமகளிடம் கேட்டிருந்தால் ‘ஏதோ நாலு மாத்திரை’ என்றுதான் சொல்லியிருப்பாள்.

இனி இரண்டாவது கேள்வி. கிழமைவாரியாகப் பிரித்த அந்த மாத்திரைப் பெட்டியை உங்களுக்கு வாங்கித் தரச் சொன்னது நாங்கள்தாம். விரல் மூட்டுகள் வலிப்பதால் எளிதில் திறக்கும் மூடியாகப் பார்த்து வாங்கச் சொன்னோம். உங்களுக்கு எளிதில் திறந்தது அவளுக்கும் திறந்தது. அமுக்கித் திருகும் மூடியைக் கனடாவின் வின்ட்சர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி பிரோ முயன்று 1967-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1970-ல் அமெரிக்காவில் அத்தகைய மூடிகளைக் கட்டாயமாக்கும் சட்டமும் வந்தது. அவற்றுக்கான அந்நாட்டுச் சோதனையில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பெட்டியைக் கொடுத்துப் பத்து நிமிடம் விடுவார்கள். நடுவில் திறந்தும் காட்டுவார்கள். எண்பது சதவீதக் குழந்தைகளால் திறக்க முடியாவிட்டால் அது தேறியது. மீதி இருபது சதவீதக் குழந்தைகள் திறந்துவிட்டாலும் அந்த மூடி சந்தைக்கு வரும். ஆகவே எந்த மூடியும் சற்று நேரம் வாங்கித் தருமே தவிர, பூட்டிய உயரமான அலமாரிக்கு ஈடாகாது. பெட்டி உங்களிடமே இருக்கட்டும். அதன் இடம் மட்டும் தலையணை ஓரத்திலிருந்து அலமாரிக்கு மாறட்டும். விருந்தாளிகளின் கைப்பைகளும் அவள் கைக்கு எட்டாத கொக்கியில் தொங்கட்டும். அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

மருத்துவமனையில் ஒருவர் மாற்றி ஒருவர் ‘அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்’ என்று கேட்டது உங்களை மிகவும் புண்படுத்தியது என்று பெரியம்மா சொன்னார்கள். குழந்தை தொடர்பான எல்லா விபத்துகளிலும் எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி அது; நேரத்தைக் கணக்கிடவும் வேண்டியிருக்கிறது. இருப்பினும், கேட்ட குரல் இன்னும் மென்மையாக இருந்திருக்கலாம். வீட்டில் இந்தப் பேச்சைக் குழந்தையின் முன்னால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதட்டு வாங்கிய குழந்தை அடுத்த முறை வாயில் இருப்பதை ஒளிக்கும். மருந்தை மிட்டாய் என்று சொல்லிக் கொடுப்பதையும், மாத்திரையை அவள் எதிரில் விழுங்குவதையும் நிறுத்தினால் போதும்.

ஒரு வாரமாக அவளை மடியில் வைத்துக்கொள்ளாமல் தள்ளியே உட்காருகிறீர்களாம்; காரணம் அவளுக்குப் புரியாது, உங்கள் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பெரியம்மா சொல்கிறார்கள். அலமாரிக்குப் பூட்டு போட்டாகிவிட்டது என்றால் பகலில் அவளை மீண்டும் உங்களிடமே விடலாம் என்பதுதான் என் கருத்து. அவள் அம்மாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். ஞாயிறன்று நான் வரும்போது, காலாவதியான மாத்திரைகளையும் பாதி தீர்ந்த சிரப் பாட்டில்களையும் ஒரு பையில் கட்டி வையுங்கள். அவளை எடை பார்த்து, உங்கள் மருந்துகளின் பெயர்களோடும் அவசர எண்களோடும் ஒரே தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்