மிஷன் படிக்கும் என் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னதைத்தான் நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் ஆய்வுத் திட்டத்தைப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார், "இது ஆய்வு மாதிரி இல்லை, ஊழிய அறிக்கை மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டார் என்றாய். அம்மா போனை வாங்கி என்னவோ சமாதானம் சொன்னாள். நான் ஒன்றும் பேசவில்லை. கோபம் இல்லை, மக்கா. அந்த மாதிரி அறிக்கை எழுதுவதை நீ என்னிடமிருந்துதான் கற்றிருக்கிறாய் என்று தோன்றியது, அதனால் வார்த்தை வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இறையியலில் பி.டி. பட்டம் முடித்தபின் அதற்கு மேல்பட்டமான எம்.டி.எச். படிக்கப் போகிறேன், அதுவும் மிஷன் துறையில், என்று நீ சொன்னபோது நான் தடுத்தேன். ஊழியத்துக்கு ஜனங்கள்மேல் பாரம் வேண்டும், பட்டம் எதற்கு, பவுல் எந்த எம்.டி.எச். படித்தார் என்று கேட்டேன். பவுல் யூதப் போதகர் கமாலியேலின் பாதத்தருகே படித்தவர்தானே அப்பா என்று நீ மெதுவாகச் சொன்னாய். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நான் செய்தது தவறு. அதைச் சொல்ல இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

ராஜ்மகால் மலைக்கு நான் ஊழியத்துக்குப் போன கதையை நீ சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறாய். ஆனால் நல்ல பகுதிகளை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். 1986ல் போனேன், அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. இன்றைக்கு ஜார்க்கண்டில் இருக்கும் சாகிப்கஞ்ச் மாவட்டம் அன்றைக்குப் பீகார். மலை உச்சியில் பத்துப் பதினைந்து குடிசை, சரிவில் காட்டை வெட்டி எரித்துச் சோளமும் பயறும் போடுவார்கள், தண்ணீருக்குக் கீழே இறங்கி ஏற வேண்டும். மால்டோ மக்கள், பஹாடியா என்றும் சொல்வார்கள். எனக்குக் கிடைத்த பயிற்சி ஆறு மாதம். அதில் வேதபாடம் இருந்தது, ஜெபம் இருந்தது, கொஞ்சம் இந்தி இருந்தது. போகிற ஜனங்கள் யார், என்ன மொழி பேசுகிறார்கள், அவர்கள் நிலம் யார் கையில் போனது, ஏன் எல்லோரும் வட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. முதல் வருஷம் முழுவதும் என் உடைந்த இந்தியை ஒரு பையன் மால்டோவில் சொல்ல, அதைத்தான் பிரசங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாதம் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். சந்தித்த கிராமங்கள், நடத்திய கூட்டங்கள், கொடுத்த துண்டுப்பிரதிகள், ஆயத்தமான ஆத்துமாக்கள். இப்படி நாலு கட்டம், கடைசியில் "பிற" என்று சின்னதாக ஒன்று. அந்தப் பக்கம் அப்போது காலா அசார் அதிகம். மணல் ஈ கடித்து வருகிற காய்ச்சல், மண்ணீரல் வீங்கி வயிறு பானை மாதிரி ஆகிவிடும், மருந்து போடாவிட்டால் பெரும்பாலும் சாவுதான். அன்றைக்கு அதற்கு மூன்று வாரத்துக்கு மேல் தினமும் ஊசி போட வேண்டும். நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக் கீழே கொண்டுபோனால், கூட இருக்கிறவன் கூலியை விட்டுவிட்டு மூன்று வாரம் அங்கேயே கிடக்க வேண்டும், அதனாலேயே பாதிப் பேர் நடுவில் ஓடிவந்துவிடுவார்கள். நாங்கள் தூக்கிக்கொண்டு போனவர்களை எந்தக் கட்டத்தில் எழுதினேன் தெரியுமா? "பிற". அதுவும் எண்ணாகத்தான் எழுதினேன், ஒருவர் பெயரும் எழுதவில்லை. ஒரு மழைக்காலத்தில் எட்டு வயசுப் பிள்ளை ஒன்று இறங்குகிற வழியிலேயே போய்விட்டது. அந்த மாத அறிக்கையை நான் வழக்கம்போல நிரப்பி அனுப்பினேன், கூட்டங்கள் பன்னிரண்டு என்று.

அந்தப் படிவத்தைப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரில் உன் ஆச்சி தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் பானையில் போட்டு வைத்து, ஞாயிறு கோவிலுக்குக் கொண்டுபோனாள். அந்த மாதிரி ஆயிரம் வீட்டுப் பிடியரிசியில்தான் நான் சாப்பிட்டேன். அரிசி கொடுத்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், அது நியாயம். ஆனால் எண்ணிக்கையைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அந்தப் பிள்ளையின் பெயரை எழுதியிருந்தால் ஆச்சி அதன் பெயரைச் சொல்லி ஜெபித்திருப்பாள்.

மொழி எனக்கு வந்தது இரண்டாவது வருஷம், அதுவும் மலேரியாவில் படுத்திருந்தபோது. நான் தங்கியிருந்த வீட்டு அம்மா தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்து "அமு" என்றாள். தண்ணீர். அப்புறம் "ஏன்" என்றால் நான், "நீன்" என்றால் நீ என்று தெரிந்தது. படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நம் பழந்தமிழில் அம் என்றால் நீர் என்று தமிழ் ஐயா பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தது ஞாபகம் வந்தது. நம் இடையன்குடியில் இருந்த கால்டுவெல் ஐயர், ராஜ்மகால் மலை மொழியும் திராவிட மொழிதான் என்று நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார், நான் அவர் கட்டின கோவிலில் எத்தனையோ தடவை முழங்கால் போட்டவன், அது தெரியாமல் சொந்தக்காரன் வீட்டில் ஒரு வருஷம் மொழிபெயர்ப்பாளன் வைத்துப் பேசியிருக்கிறேன்! நாலு மாதம் யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தந்திருந்தால் அந்த வருஷம் வீணாகியிருக்காது. உன் படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல். நான் கேட்டபோது எனக்கே இதைச் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

1910ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் நம் வெள்ளாளன்விளை அசரியா எழுந்து பேசினதை உங்கள் வகுப்பில் நிச்சயம் படித்திருப்பாய். ஏழைகளுக்கு உங்கள் பொருளையெல்லாம் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே கேட்டார். நம் ஊரில் அதை எத்தனை மேடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். 1903ல் இந்திய மிஷனரி சங்கம் நம் திருநெல்வேலியில் பிறந்தது, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு நம் ஆட்கள் போனார்கள், அசரியா 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பேராயர் ஆனார், எல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் மலையில் நான்காவது வருஷம்தான் எனக்கு உறைத்தது. அங்கே வெள்ளைக்காரன் நான்தான். வேட்டியும் கறுப்புத் தோலும் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். என் அறைக்கு அவர்கள் வந்தால் வாசலிலேயே நின்று பேசி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் சாப்பிடுவேன், என் தட்டில் அவர்களுக்குப் போட்டதில்லை. அசரியா கேட்டதை அந்த ஜனங்கள் என்னிடம் கேட்டிருக்கலாம்.

இப்போது உன் ஆய்வுக்கு வருகிறேன். திருப்பூரில் வேலை செய்கிற ஜார்க்கண்ட், ஒடிசா தொழிலாளர்கள் நடுவே நம் சபைகளின் ஊழியம், இதுதானே தலைப்பு? நல்ல தலைப்பு. நான் ரயிலில் இரண்டரை நாள் போய்த் தேடின ஜனங்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு நம் பனியன் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். ஆனால் நீ அனுப்பிய வினாத்தாளைப் படித்தேன். எத்தனை முறை ஆராதனைக்கு வந்தீர்கள், சபை உங்களுக்கு என்ன உதவி செய்தது, உதவிக்குப் பிறகு உங்கள் விசுவாசத்தில் மாற்றம் உண்டா. இது என் படிவம்தான், கட்டம் மட்டும் கூடியிருக்கிறது. ஒருத்தரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அரிசி கொடுத்தவர்களின் பிள்ளை வந்து கேட்டால் எல்லாம் நல்லது என்றுதான் சொல்வார்கள்.

2020 பொது முடக்கத்தில் நம் சபையார் பக்கத்துச் செங்கல் சூளையில் இருந்த வடமாநில ஆட்களுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுபோனோம், நீயும் வந்தாய். பையோடு ஒரு துண்டுப்பிரதியையும் வைத்து, கொடுக்கும்போது போட்டோ எடுத்தார்கள். ஒரு பையன் பையை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இந்தியில், அரிசி இருக்கிறது, போனுக்கு ரீசார்ஜ் செய்துதர முடியுமா, அம்மாவிடம் பேசி ஒன்பது நாள் ஆகிறது என்றான். நீ செய்துகொடுத்தாய். அது எந்த அறிக்கையிலும் வரவில்லை. உன் ஆய்வை அங்கிருந்து தொடங்கினால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. வினாத்தாளை ஆறு மாதம் மூடிவை. ஞாயிறு ஷிப்ட் முடிந்து அவர்கள் சமைக்கிற அறையில் போய் உட்கார், சாப்பிடு, அவர்களை உன் அறைக்குக் கூப்பிடு. காஞ்சிபுரத்தில் இருந்தபோது லெஸ்லி நியூபிகின் என்ற வெள்ளைக்கார மிஷனரி ராமகிருஷ்ண மடத்தில் சுவாமிகளோடு தரையில் உட்கார்ந்து ஒரு வாரம் உபநிடதமும் ஒரு வாரம் யோவான் சுவிசேஷமும் படித்தாரே, பிறகு பேராயர் ஆனவர், அவருக்கு அதில் ஒன்றும் குறையவில்லை.

சட்டத்தையும் விட்டுவிடாதே. ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் 1977ல் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை என்றால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று சொன்னது. ஜார்க்கண்டில் 2017 முதல் தனிச் சட்டமே இருக்கிறது, பெண்களையும் பழங்குடியினரையும் ஆசை காட்டி மாற்றினார்கள் என்றால் தண்டனை கூடுதல். நம் ஆட்கள் இதையெல்லாம் உபத்திரவம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உபத்திரவம் உண்டு, அடிபட்ட ஊழியர்களை எனக்குத் தெரியும். ஆனால் அரிசிப் பைக்குள் துண்டுப்பிரதியை வைத்தது நாம்தானே? ஒருவன் பசியாய் இருக்கும்போது அவன் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வியை எதிரி கேட்பதற்கு முன்னால் நாம் கேட்டிருக்க வேண்டும். அதைச் சபைக்குள்ளிருந்து, பயமில்லாமல், ஆதாரத்தோடு எழுத ஒருவர் வேண்டும். அதற்குத்தான் ஆண்டவர் உன்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். சுவிசேஷம் சொல்வதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை, அதை நீ என்னைவிட நன்றாகச் சொல்வாய்.

பேராசிரியரிடம் போய்த் திட்டத்தை மாற்றி எழுத நேரம் கேள். ஒரு பருவம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, கட்டணத்தை அப்பா பார்த்துக்கொள்கிறேன். படிப்பை விட்டுவிட்டு நேராக ஊழியத்துக்குப் போய்விடுகிறேன் என்று ஞாயிறு அழுகையில் சொன்னாயே, அதைச் செய்யாதே.

அம்மா பார்சல் போடுகிறாள். நார்த்தங்காய் ஊறுகாய், கருப்பட்டி, கொஞ்சம் முறுக்கு. இந்தி பேசுகிற தோழிகளுக்கும் கொடு. அடியில் துணியில் சுற்றி என் பழைய நோட்டு இருக்கிறது, மலையில் எழுதிய மால்டோ சொற்கள், முந்நூறுக்கு மேல் இருக்கும், தப்பும் இருக்கும். திருப்பூரில் பஹாடியா பிள்ளைகள் யாராவது கண்ணில் பட்டால் அவர்களிடம் கொடுத்துத் திருத்தி வாங்கு. தையல் விட்டுப்போயிருக்கிறது, பார்த்துப் பிரி. "அமு" மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

உன் அப்பா