கேக்கை வெட்டுனது பெர்லின்ல இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல ஆப்பிரிக்கா பத்தி வந்த கட்டுரை நல்லாதான் இருந்துச்சு, ஆனா 1884ல ஐரோப்பிய நாடுங்க பெர்லின்ல உக்காந்து ஸ்கேல் வச்சு கோடு போட்டு மொத்த கண்டத்தையும் பிரிச்சுக்கிட்டாங்கன்னு எழுதி, கூடவே அப்போ ஜெர்மனிய ஆண்ட பிரதமர் பிஸ்மார்க் ஆப்பிரிக்காவ கேக் மாதிரி வெட்டுற பழைய கார்ட்டூனையும் போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் உறுத்துது. எங்க வாத்தியாரும் இப்படித்தான் சொல்லிக்குடுத்தார், நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன்.

1884 நவம்பர்ல இருந்து 1885 பிப்ரவரி வரைக்கும் 14 நாடு கூடிப் பேசுனது நிஜம், ஆப்பிரிக்கால இருந்து ஒருத்தரக்கூட கூப்புடலங்கிறதும் நிஜம். ஆனா அங்க போட்டது ரூல்ஸ்தான். காங்கோ, நைஜர் ஆத்துல எல்லாரும் கப்பல் விடலாம், கடற்கரைல புதுசா இடம் புடிச்சா மத்தவங்களுக்குத் தகவல் சொல்லணும், சும்மா கொடி நட்டா பத்தாது, அதிகாரம் பண்ணிக் காட்டணும், இப்படி. கோடெல்லாம் பெரும்பாலும் அதுக்கப்புறம் ரெண்டு ரெண்டு நாடா பேரம் பேசிப் போட்டது.

நமீபியா மேப்ப எடுத்துப் பாருங்க, வடகிழக்கு மூலைல வால் மாதிரி ஒண்ணு சுமார் 450 கிலோமீட்டர் நீட்டிட்டு இருக்கும். காப்ரிவி பட்டைன்னு சொல்லுவாங்க. அப்போ நமீபியா ஜெர்மனி கைல இருந்துச்சு. 1890ல ஜெர்மனி, கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்துல இருக்குற சான்சிபார் தீவுல இனி கை வைக்க மாட்டோம்னு பிரிட்டனுக்கு விட்டுக்குடுத்துட்டு, பதிலுக்கு வடகடல்ல ஹெலிகோலாந்துன்னு ஒரு குட்டித் தீவையும் இந்த வாலையும் வாங்கிக்கிச்சு. எதுக்குன்னா ஜாம்பெசி ஆறு வழியா இந்தியப் பெருங்கடலுக்குப் போயிடலாம்னு கணக்கு. வழில விக்டோரியா அருவி 100 மீட்டருக்கு மேல கீழ விழுது, அதுல எங்கேர்ந்து கப்பல் விடுறது! அந்த வால் இன்னிக்கும் நமீபியாவோடதான் ஒட்டிக்கிட்டு இருக்கு.

பெர்லின் பேரச் சொல்லித் திட்டணும்னா காங்கோவுக்காகத் திட்டுங்க. பெல்ஜியம் ராஜா ரெண்டாம் லியோபோல்ட், அடிமை வியாபாரத்த ஒழிக்கிறேன், யார் வேணா வந்து வியாபாரம் பண்ணலாம்னு இனிக்க இனிக்கப் பேசி, மாநாடு நடந்த அந்த சமயத்துலயே நாடு நாடா ஒப்புக்க வச்சு, அம்மாம்பெரிய தேசத்த தன் சொந்தச் சொத்தா ஆக்கிக்கிட்டார், பெல்ஜியத்துக்குக்கூட இல்ல. அந்த மண்ண ஒரு தடவகூட மிதிச்சதில்ல மனுஷன். அப்புறம் சொன்ன அளவு ரப்பர் வரலன்னா ஊருக்குள்ள சிப்பாய அனுப்புறது, சிப்பாய் சுட்ட தோட்டாவுக்குக் கணக்கா வெட்டுன கையக் கொண்டுவந்து காட்டுறது. 1904ல பிரிட்டன் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் இதப் பத்தி எழுதுன ரிப்போர்ட் வந்து விஷயம் நாறிப்போய், கடைசில 1908லதான் பெல்ஜியம் அரசாங்கம் அத அவர்கிட்ட இருந்து எடுத்துக்கிச்சு.

உங்க கட்டுரைல இதுக்கு ரெண்டு வரி, கேக்குக்கு அரைப் பக்கம்.

இப்படிக்கு,
ரொம்ப வருஷ வாசகன், திருச்சி