கழற்றி வைக்க வேண்டியிராத ஜாக்கெட்: மதுரைப் பயணக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மதுரையிலிருந்து கொடைக்கானல், மூணாறு, மேகமலைப் பகுதிகளுக்கு வார இறுதிப் பயணம் நடத்தும் மோட்டார் சைக்கிள் குழுக்களின் பொறுப்பாளர்கள்

அன்புடையீர், வணக்கம்.

ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை மூன்றும் இல்லாதவரைப் பயணத்தில் சேர்ப்பதில்லை என்ற விதியை உங்களில் பலர் கடைப்பிடித்து வருகிறீர்கள். அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் எந்த மாதத்துக்கு, எந்தப் பாதைக்கு, எந்த வகை ஜாக்கெட் என்பதை அந்த விதி சொல்வதில்லை. புதிதாகச் சேரும் இளைஞர், எல்லாப் பருவத்துக்கும் இது ஒன்றே போதும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பி, உள்ளே மழைக்கு ஒன்றும் குளிருக்கு ஒன்றுமாக உறைகள் வைத்த கனமான கறுப்பு ஜாக்கெட்டைப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறார். சித்திரை வெயிலில் வாடிப்பட்டியைத் தாண்டுவதற்குள் வியர்த்து விறுவிறுத்துப் போய், கொடைரோட்டில் தேநீருக்கு நிறுத்தும்போது அதைக் கழற்றிப் பின் இருக்கையில் கட்டிவிடுகிறார். அதன்பின் வத்தலக்குண்டு வரை அவருடைய தோளுக்கும் முழங்கைக்கும் காவல் ஒரு டி-ஷர்ட் மட்டுமே. இதை அவருடைய அலட்சியம் என்று நான் கருதவில்லை. நாற்பது டிகிரியில் அணிய முடியாத உடையைக் கட்டாயமாக்கினால் அது கழற்றப்படத்தான் செய்யும்.

நம் ஊர்ப் பயணங்களின் சிக்கலே, காலையில் புறப்பட்ட பருவம் மதியத்தில் இருக்காது என்பதுதான். மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, மூன்று நான்கு மணி நேரத்தில் 12 டிகிரி வேறுபாட்டை உடல் சந்திக்கிறது. மார்கழி, தை மாதங்களில் மேலே 10 டிகிரி இருக்கும் ஒரு காலையில் வெறும் 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டினாலும், எதிர்காற்றினால் அது 6 டிகிரி போல உறைக்கும். சமவெளியிலோ கதை தலைகீழ். நமது சருமத்தின் வெப்பம் சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடச் சூடாக இருக்கும்போது, வேகமாகப் போவதால் குளிர்ச்சி கிடைப்பதில்லை, மேலும் சூடுதான் ஏறுகிறது. அப்போது உடலைக் காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது ஒன்றே. வியர்வைக்கு வழிவிடாத ஜாக்கெட்டும் ஆபத்து. ஜாக்கெட்டே இல்லாமல் போனால் வியர்வை நொடியில் காய்ந்து, உடலில் நீர் வற்றுவதுகூடத் தெரியாமல் தலை கிறுகிறுப்பதும் ஆபத்து.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: 'ஜாக்கெட் கட்டாயம்' என்ற விதியை, 'காப்புப் பட்டைகள் (அடியைத் தாங்கும் திண்டுகள்) பொருத்திய மெஷ் ஜாக்கெட் எப்போதும் உடலில் இருக்க வேண்டும், காற்றுக்கும் மழைக்கும் உரிய மேலுறைகள் தனியே பையில் இருக்க வேண்டும்' என்று மாற்றுங்கள். வலைத்துணியால் ஆன மெஷ் ஜாக்கெட், தார்ச்சாலையில் உரசும்போது நல்ல தோல் ஜாக்கெட் அளவுக்குத் தாங்காது என்பது உண்மையே. ஆயினும் இருக்கையில் கட்டிய தோல் ஜாக்கெட்டைவிட உடலில் இருக்கும் மெஷ் ஜாக்கெட் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தோல் நனைந்தால் காய நாளாகும். ஐப்பசி மழையில் அதில் பூஞ்சை பிடிப்பதைத் தடுப்பதே தனி வேலை. வாங்கும்போது தோள், முழங்கைப் பட்டைகளில் இஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தரக் குறியும் அதன் நிலை எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் நிலையைவிட இரண்டாம் நிலை அதிக அதிர்ச்சியை உள்வாங்கும். தரச்சான்று பெற்ற ஜாக்கெட்டின் உட்புறச் சீட்டில் இஎன் 17092 என்ற தரமும், மிக உயர்ந்த ஏஏஏ தொடங்கி சி வரையிலான வகுப்பும் அச்சிடப்பட்டிருக்கும். வெறும் பஞ்சுத் துண்டைச் செருகிவிட்டு அதற்கும் 'ஆர்மர்' (காப்புக் கவசம்) என்று பெயர் சூட்டி விற்பவர்கள் உண்டு.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜாக்கெட்டின் உள்ளே பொருத்தும் மழை உறை, பார்ப்பதற்கு வசதியாகத் தோன்றினாலும், வெளித்துணி முழுவதும் நனைந்து நீர் கோத்துக் கனக்கும். அந்த ஈரம் மலைக்காற்றில் ஆவியாகும்போது உடலின் சூட்டையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். மேலும், சாலையோரம் ஜாக்கெட்டைக் கழற்றித்தான் அதை மாட்ட வேண்டும் என்பதால், தூறல்தானே என்று தள்ளிப்போட்டு நனைந்த பிறகு மாட்டுபவர்களே அதிகம். ஜாக்கெட்டுக்கு மேலே அணியும், மேல்கீழ் இரண்டு துண்டாக உள்ள ரெயின்கோட்டே நமக்கு ஏற்றது. அது குளிர்காற்றையும் தடுக்கும். சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டிய நம் பெரியவர்களுக்கு, மார்பில் காற்றுப் படாமல் இருந்தாலே பாதிக் குளிர் போய்விடும் என்பது தெரிந்திருந்தது. தோளில் போர்த்திப் பறக்கவிடும் மழைப்போர்வை வகையை மட்டும் எந்தப் பயணத்திலும் அனுமதிக்காதீர்கள். அது காற்றில் உப்பும், சக்கரத்திலும் செயினிலும் சிக்கும்.

உள்ளே அணியும் பனியனுக்கும் இதில் பங்குண்டு. ஊருக்குள் மெதுவாக ஓட்டப் பருத்தியைப் போல இதமான துணி வேறில்லை. மலைக்குப் போகும் நாளில் மட்டும், சமவெளியில் குடித்த வியர்வையைப் பருத்தி விடாமல் பிடித்து வைத்திருந்து கொடைக்கானல் பாதையிலுள்ள பெருமாள்மலையில் நடுங்க வைக்கிறது. விளையாட்டு வீரர்கள் அணியும் பாலியெஸ்டர் பனியன் விரைவில் காயும், விலையும் குறைவு.

பாதைக்கேற்பப் பருவமும் மாறுகிறது என்பதைப் பயண அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, தேனிப் பக்கம் பெரும்பாலும் வறண்ட பலத்த காற்றுதான். தொளதொளப்பான உடை அந்தக் குறுக்குக் காற்றில் வண்டியையே அசைத்துவிடும். ஜாக்கெட்டின் இடுப்பிலும் கையிலும் உள்ள இறுக்கு வார்களை இழுத்துக் கட்டியாக வேண்டும். அதே நாளில் போடிமெட்டைக் கடந்து மூணாறுப் பக்கம் இறங்கினால் கொட்டும் மழை. கொடைக்கானல் பாதையில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். அங்கே ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியான விசர் கறுப்பு நிறத்தில் இருப்பதும் கறுப்பு உடையும் இரட்டைக் குருட்டுத்தனம்: ஓட்டுபவருக்கும் சாலை தெரியாது, எதிரே வரும் பேருந்துக்கும் அவர் தெரியமாட்டார். தெளிவான விசர், அதன் உட்புறத்தில் பனி படியாமல் தடுக்கும் பின்லாக் தகடு, ரெயின்கோட்டில் ஒளிரும் மஞ்சள் ஆகியவற்றை வற்புறுத்துங்கள். குழுவின் அடையாளத்துக்காக எல்லோரும் கறுப்பு அணிய வேண்டும் என்ற வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யுங்கள். வெயிலிலும் கறுப்புதான் அதிகச் சூட்டை வாங்குகிறது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஜூன் முதல் அம்முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தவறு.

இவை எல்லாவற்றையும்விட எளிதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் பயணத் திட்டங்களில் தேநீருக்கும் படம் எடுப்பதற்கும் நிறுத்தங்கள் இருக்கின்றன. உடை மாற்ற நிறுத்தம் இல்லை. வத்தலக்குண்டைத் தாண்டி மலைச்சாலை தொடங்கும் முன்பாக ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். டம்டம் பாறையில் குளிரத் தொடங்கிய பிறகு, வளைவில் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுப் பையைத் துழாவுவதை அது தவிர்க்கும். திரும்பும் வழியிலும் அதே இடத்தில் நின்று மேலுறைகளைக் கழற்றலாம். முழுச் செலவையும் ஒரே நேரத்தில் தாங்க முடியாத மாணவர்களுக்கு, மூத்த உறுப்பினர்களிடம் பயன்படாமல் கிடக்கும் ரெயின்கோட்டுகளையும் முழங்கால் காப்புகளையும் திரட்டி இரவல் கொடுங்கள். விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை மட்டும் அந்தத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம். அடுத்த பயண அறிவிப்பிலேயே இந்த மாற்றங்களைச் சேர்ப்பீர்கள் என எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
மதுரையிலிருந்து, உங்களைப் போலவே மலைச்சாலைகளில் வண்டி ஓட்டும் ஒருவர்