சேப்பிக் ஆற்றங்கரையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள பங்கு மக்களே, நண்பர்களே,

பாப்புவா நியூ கினியில், சேப்பிக் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஆறு வருடம் மறைப்பணி செய்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறேன். பார்க்கிறவர்களெல்லாம், "எப்படி சாமி அங்க இருந்தீங்க?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வாயெடுத்தால் வரிசையாக முகங்கள்தான் வருகின்றன. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் வருட மழைக்காலத்தில் எனக்கு மூன்றாவது முறை மலேரியா வந்தது. காய்ச்சல் விட்டது, கூடவே செபிக்கிற மனசும் விட்டுப்போனது. திருப்பலி வைத்தேன், மறையுரை சொன்னேன். ஆனால் குருக்கள் தினமும் சொல்லவேண்டிய கட்டளைச் செபப் புத்தகத்தை ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் அட்டையில் பூஞ்சை பூத்திருந்தது. தொட்டு எத்தனை வாரம் ஆகியிருக்கும்!

அந்தக் கிராமத்து உபதேசியாருக்கு, அதாவது சாமியாராக இல்லாமலே மறைக்கல்வி சொல்லிச் செபம் நடத்துகிறவருக்கு, என் முதல் நன்றி. அங்கே மரத்தைக் குடைந்து செய்த பெரிய முரசு ஒன்று உண்டு, கராமுட் என்பார்கள். விடியுமுன் அதை அடித்துச் செபத்துக்கு ஆள் கூப்பிடுவது அவர் வேலை. ஒரு நாள் கொட்டும் மழை, ஒருவரும் வரவில்லை. நான் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். முரசு அடித்தார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், அப்புறம் தானே தொடங்கி, மற்றவர்கள் சொல்லவேண்டிய பதிலையும் தானே சொல்லி முடித்தார். ஏன் என்று கேட்டேன். "இன்னைக்கு விட்டா நாளைக்கு எனக்கே எந்திரிக்க மனசு வராது, பாட்டெர்" என்றார். (அங்கே சாமியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) மறுநாள் காலையில் நானும் போய் உட்கார்ந்தேன். மனசு உடனே ஒன்றும் திரும்பிவிடவில்லை. அதற்குச் சில மாதம் பிடித்தது.

அவர் வீட்டுச் சுவரில் பீட்டர் தோ ரோட்டின் படம் இருக்கும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் குருக்களைச் சிறை வைத்தபோது ரக்குனாய் கிராமத்தில் செபத்தையும் திருமுழுக்கையும் விடாமல் நடத்தி, 1945இல் கொல்லப்பட்ட உபதேசியார். 2025 அக்டோபர் 19 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அந்த நாட்டின் முதல் புனிதர் ஒரு சாமியார் அல்ல, குடும்பஸ்தர். நம் புனித தேவசகாயமும் குடும்பஸ்தர்தானே!

எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாடு அது. ஒரே பேச்சு பேசுகிறவனை வான்டோக் என்பார்கள். அவனுக்குச் சோறும் இடமும் கொடுப்பது கடமை. என் பேச்சு பேச அங்கே யாருமில்லை. ஆனாலும் சேகோ மரத்து மாவைக் கிண்டி, இலையில் மடித்துக் கொண்டுவந்த பெண்கள் என்னையும் வான்டோக் ஆக்கிக்கொண்டார்கள். (நாம் மரவள்ளியில் செய்யும் ஜவ்வரிசிக்கு மூத்த அக்கா இந்த மாவு. கூழ் குடித்து வளர்ந்தவனுக்கு வழவழப்பு ஒன்றும் புதிதில்லை.) பாக்கும் சுண்ணாம்பும் நீட்டிய பாட்டிகளிடம் மட்டும் இன்றுவரை நான் மறுத்துத்தான் வருகிறேன், மன்னிக்கவும். நட்டாற்றில் படகு எஞ்சின் நின்றபோது இரவெல்லாம் துடுப்புப் போட்ட பையன்களுக்கும் நன்றி.

அவர்கள் மொழியில் செபங்களை மனப்பாடம் செய்யத் திணறியபோதெல்லாம் சவேரியார்தான் ஞாபகத்துக்கு வருவார். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், தமிழ் வராமல், உள்ளூர்க்காரர்களை வைத்துச் செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். அந்தத் தமிழைச் சகித்துக்கொண்ட நம் முப்பாட்டன்களுக்கும் சேர்த்து இங்கே ஒரு நன்றி சொல்லிவிடலாம்.

சனிக்கிழமைதோறும் எனக்காகச் செபமாலை சொன்ன அன்பியத்து (பங்கின் அக்கம்பக்கத்துச் செபக்குழு) அம்மாக்களே, அங்கே அது எனக்குத் தெரியும். சிக்னல் கிடைக்கிற வியாழக்கிழமைகளில் கூப்பிட்டு, "என்னடா, செபிச்சியா?" என்று கேட்ட குருமடத்துத் தோழா, இரண்டு தடவை பொய் சொன்னேன். உனக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்தும் அடுத்த வியாழன் கூப்பிட்டாயே, அதற்குத்தான் நன்றி.

அடுத்த மாதம் திரும்புகிறேன். கட்டளைச் செபப் புத்தகத்துக்கு என் தங்கை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

தெங்க்யு த்ரூ. மிக்க நன்றி.

உங்கள் சாமி